‘நமது மண்’: ஒரு சொல்லும் ஒரு போரும்

கேட்போரையும் உட்படுத்துவது ‘நாம்’; அவரை விலக்குவது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். இவ்வேறுபாடு இலக்கணத்தோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு வரலாற்றுச் சான்று ஒன்றைக் காண்போம்.

1846 மே 11 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போல்க், மெக்சிகோ தம் நாட்டவரின் நிலத்துள் புகுந்து அமெரிக்கக் குருதியைச் சிந்திவிட்டது எனப் பேரவைக்கு அறிவித்தார். அவர் ஆண்டது அந்த ஒற்றைச் சொல்லையே. இரண்டே நாளில் போர் அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. கீழவையில் எதிர்த்தோர் 14 பேர் மட்டுமே. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அவருள் ஒருவர்.

எதிர்ப்பிற்குக் காரணம் இருந்தது. மெக்சிகோ 1829இலேயே அடிமைமுறையை ஒழித்தது. அதனினின்று பிரிந்து அமெரிக்காவுடன் இணைந்த டெக்சசிலோ அம்முறை நிலைபெற்றிருந்தது. புதிய நிலமும் அடிமைமுறைக்கே இரையாகும் என ஆடம்ஸ் போன்றோர் அஞ்சினர். போரில் பெறும் நிலத்தில் அடிமைமுறை கூடாதென டேவிட் வில்மட் கொணர்ந்த விதியைக் கீழவை ஏற்றது. மேலவையில் அது நிறைவேறவில்லை.

1847 டிசம்பரில், புதிய உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன், குருதி சிந்திய இடம் எது எனக் கேட்டார். எளிய வினா, ஆயினும் கூரியது. நியூவேசஸ், ரியோ கிராண்டே ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்நிலத்திற்கு இரு நாடுகளும் உரிமை கோரின. ‘நமது’ என்றவுடனே வழக்கு தீர்ப்பாகிவிட்டது. 1848 ஜனவரி 3 அன்று, இப்போர் தேவையின்றியும் அரசமைப்பிற்கு மாறாகவும் குடியரசுத் தலைவரால் தொடங்கப்பட்டது என்னும் திருத்தத்தைக் கீழவை 85க்கு 81 வாக்குகளால் ஏற்றது.

அவைக்கு வெளியிலும் குரல் எழுந்தது. அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் தம் இதழில் போரைக் கண்டித்தார். போல்க்கின் ‘நாம்’ அவரை எந்நாளும் உட்படுத்தியதில்லை. ஹென்றி டேவிட் தோரோ, அடிமைமுறைக்குத் துணைநின்ற அரசிற்குத் தலைவரி கொடுக்க மறுத்து 1846 ஜூலையில் ஓரிரவு சிறையிலிருந்தார். உட்படுத்தப்பட்ட அவரோ, அந்த ‘நாம்’ என்பதிலிருந்து தாமே விலகி நின்றார். 1848இல் கான்கார்டு நகரில் அவர் ஆற்றிய உரை, பின்னர்க் கட்டுரையாகிக் காந்தியடிகளையும் எட்டியது.

எதிர்த்தோரால் போரைத் தடுக்க இயலவில்லை. 1848 பிப்ரவரி உடன்படிக்கையால், முன்னரே இழந்த டெக்சசையும் சேர்த்து, மெக்சிகோ ஏறத்தாழப் பாதி நிலத்தை இழந்தது. ஆயினும் அவர்தம் வினா எஞ்சியுள்ளது. ஆள்வோர் நம் பெயரால் பேசும்போது அது ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா? இதனைக் கேட்க மாணவரைப் பழக்குவதும் இலக்கணம் கற்பிப்பதன் பயனேயாம்.