‘நரம்பு வீக்’ என்கிறீர்களா? முதலில் நரம்பைத் தெரிஞ்சுக்குங்க!

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வரும் நர்ஸ், கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “நரம்பே கிடைக்கலையே!” என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கெண்டைக்காலில் பச்சைப் பச்சையாகப் புடைத்துக்கொண்டு நின்றால், “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்கிறோம். யாராவது கோபத்தில் கூச்சல் போட்டால், “கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்” என்கிறோம்.

உண்மையில் இதில் எதுவுமே நரம்பு இல்லை. எல்லாம் ரத்தக் குழாய்கள்! ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகிற சிரைகள்.

நிஜமான நரம்பு வெளியே இப்படிப் பச்சையாகத் தெரியாது. வெள்ளை நூலைத் திரித்த கயிறு மாதிரி, பெரும்பாலும் சதைக்கு நடுவே ஆழத்தில் போகும். சிரை வழியாகப் போவது ரத்தம். நரம்பு வழியாகப் போவது செய்தி. அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால், கரண்ட் ஷாக் அடித்த மாதிரி சுண்டு விரல் வரைக்கும் ‘சுரீர்’ என்று இழுக்கிறதே... அப்போது இடிபட்டது நரம்பு.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இடிபட்டது முழங்கை. சுரீர் என்றது சுண்டு விரல். பிசகு ஓரிடம், தெரிவது வேறிடம்! நரம்பு விஷயத்தில் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

தலைமை ஆபீசும் கிளைகளும்

நம் மூளையின் எடை ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோவுக்குள்தான். உடம்பு எடையில் இது நூற்றுக்கு 2 பங்கு. ஆனால், நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கிற பழக்கமும் அதற்குக் கிடையாது. சில நிமிஷம் ரத்தம் வராவிட்டால் சேதம் ஆரம்பம்!

மூளையில் இருக்கும் நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. அங்கிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடம், சுண்டு விரல் கனத்தில் சுமார் 45 சென்டி மீட்டர் நீளம். மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் பிரிந்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கிளை விடுகின்றன.

இந்த நரம்புகளில் போக்குவரத்து இரண்டு வழி. ‘சுடுது, குத்துது, குளிருது’ என்று கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோவது உணர்ச்சி நரம்பு. ‘கையை எடு, காலைத் தூக்கு’ என்று மேலிருந்து உத்தரவு கொண்டுவருவது இயக்க நரம்பு. இடுப்பிலிருந்து கால் கட்டை விரல் வரை ஒரே ஒரு நரம்பு செல்லின் இழை போகிறது. அதன் நீளம் சுமார் ஒரு மீட்டர்!

இன்னொரு விசித்திரம், மூளையின் வலது பாதி உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது. இடது பாதி வலது பக்கத்தை ஆள்கிறது. உத்தரவு கொண்டுவரும் இழைகளில் பெரும்பாலானவை, மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் எதிர்ப் பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன.

செய்தி எப்படிப் போகிறது?

நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நினைத்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1850-ல் தவளையின் கால் நரம்பை வைத்து அளந்து காட்டினார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர்தான் வந்தது! மனிதர்களிடம் வேகமான நரம்பு இழைகள் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேலே போகும். மெதுவான வலி இழைகளோ நொடிக்கு ஒரு மீட்டர்தான், கிட்டத்தட்ட நடை வேகம்.

அதனால்தான் கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால், முதலில் ஊசி குத்தின மாதிரி ‘சுருக்’. பிறகு கொஞ்சம் தாமதித்து ‘விண் விண்’ என்று அடுத்த வலி. இரண்டும் வேறு வேறு இழையில் வருகிற செய்திகள்.

வீட்டு வயரில் கரண்ட் ஓடுகிற மாதிரி இது ஓடுவதில்லை. இழை நெடுக சோடியம், பொட்டாசியம் உப்பு அணுக்கள் உள்ளே வெளியே இடம் மாறி மாறி, வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுகிற மாதிரி மின் துடிப்பை நகர்த்துகின்றன. வேகமான இழைகளுக்கு மேலே ‘மயலின்’ என்ற கொழுப்பு உறை உண்டு. உறைக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளிகளில் செய்தி தாவித் தாவிப் போகும்.

ஒரு நரம்பு செல் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடத்தில் மிக மெல்லிய சந்து இருக்கிறது. பெரும்பாலும் அங்கே ரசாயனம்தான் தூது போகிறது. இதற்கான முக்கியச் சாட்சியத்தைத் தந்தவர் ஆட்டோ லோவி. 1921-ல் இவர் வெளியிட்ட சோதனை பிரசித்தம். ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலேயே அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது! இந்தச் சோதனை தனக்குக் கனவில் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1936-ல் ஹென்றி டேல் என்பவருடன் சேர்த்து இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்மைக் கேட்காமலே நடக்கும் வேலை

சூடான பால் பாத்திரத்தில் கை பட்டதும், ‘ஆ’ என்று கத்துவதற்கு முன்பே கை பின்னால் வந்துவிடுகிறது. இந்த அவசர உத்தரவைக் கொடுப்பது தண்டுவடம். மூளைக்குத் தகவல் போய் வலி தெரிவது அதற்குப் பிறகுதான். இதுவே அனிச்சைச் செயல். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்ன சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, இந்த லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கத்தான்.

இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஜீரணம், வியர்வை இதையெல்லாம் கவனிக்கத் தனி இலாகா உண்டு. அதற்குத் தானியங்கி நரம்பு மண்டலம் என்று பெயர். அதில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் தெரு நாய் துரத்தும்போது இதயத்தைப் படபடக்க வைத்து, ஓட வைக்கிறவர். இன்னொருவர், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது துடிப்பைக் குறைத்து, ஜீரணத்தை முடுக்கிவிடுகிறவர். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது ரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கிவிடாமல் காப்பதும் இந்த இலாகாதான். வயதானவர்களுக்கும், ரொம்ப நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது மந்தமாகிவிடலாம். எழுந்ததும் கண்ணைக் கட்டுகிறது என்று அவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

பிசகு எங்கே? அடையாளம் சொல்லும்!

‘மரத்துப் போச்சு’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எந்த இடம் மரத்துப் போனது என்று பார்த்தாலே, எந்த லைனில் கோளாறு என்று டாக்டரால் பெருமளவுக்கு ஊகிக்க முடியும்.

ராத்திரி தூக்கத்தில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகப்படலாம். கர்ப்பிணிகளிடமும், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களிடமும் இதை அதிகம் பார்க்கலாம்.

ஒரு பக்கத்துப் பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாகக் கால் வரை ‘சுரீர்’ என்று இழுக்கிறதா? வலி காலில், நெருக்கடி பெரும்பாலும் இடுப்பு எலும்பு முள் பக்கத்தில். காலுக்கு எத்தனை தைலம் தேய்த்தும் பலன் இல்லாமல் போவது இதனால்தான். இதோடு சேர்ந்து சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு பாதமும் சாக்ஸ் போட்ட மாதிரி மரத்து, எரிகிறதா? நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். அதனால் ஆரம்பம் பாதத்தில். இதற்கு முக்கியக் காரணம் சர்க்கரை நோய். வைட்டமின் பி-12 குறைவும், குடிப் பழக்கமும்கூடக் காரணமாகலாம்.

இங்கேதான் ஆபத்து. எரிச்சல் இருந்தவருக்கு ஒருநாள் எரிச்சல் நின்றுவிடும். ‘அப்பாடா, சரியாப் போச்சு’ என்று நினைப்பார். உணர்ச்சியே போயிருக்கலாம்! சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றி வருவார். கொப்புளம் வந்ததே தெரியாது. செருப்பில் குத்திய ஆணி தெரியாது. புண் சீழ் வைத்து, விரலை எடுக்கும் நிலை வரைக்கும் போய்விடும். வலி என்பது எதிரி இல்லை. அது வாசல் காவல்காரன். சர்க்கரை நோயாளிகள் தினமும் ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை அவசியம்.

தோலில் நிறம் வெளுத்த தேமல், அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முழுசாகக் குணமாகும், அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம்.

ஒரு பக்கம் இழுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

திடீரென்று ஒரு பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து துவண்டால், கோளாறு கையிலும் இல்லை, காலிலும் இல்லை. மூளையில்தான் என்று சந்தேகிக்க வேண்டும். அதுதான் பக்கவாதம்.

“என்னங்க, காபி ஒரு பக்கமா வழியுதே?” என்று மனைவி கேட்கிறார். அவர் பதில் சொல்கிறார், வார்த்தை குழறுகிறது. அப்போது மூன்றே சோதனை. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள்; ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்று 2006-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி, வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் மாத்திரையே வினையாகிவிடும். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியானாலும் விட்டுவிடாதீர்கள். பெரிய பக்கவாதத்துக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

முகம் மட்டும் கோணி, நெற்றியைச் சுருக்க முடியாமல், கண்ணை மூட முடியாமல் போனால், பெரும்பாலும் அது முக நரம்பின் வீக்கம். பலருக்கு வாரக் கணக்கில் சரியாகிவிடும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

அப்படியானால் ‘நரம்புத் தளர்ச்சி’?

கை நடுங்கினாலும், அசதியானாலும், படபடப்பு வந்தாலும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் இது. மருத்துவத்தில் இப்படி ஒரு தனி நோய் கிடையாது. கை நடுக்கத்துக்கு தைராய்டு அதிகமாகச் சுரப்பது, மனப் பதற்றம், ஆஸ்துமா மருந்து, பரம்பரை நடுக்கம், பார்க்கின்சன் நோய் என்று எத்தனையோ காரணம். காரணத்தைப் பொறுத்து வைத்தியமும் வேறு.

‘நரம்புக்குச் சத்து’ என்று கடையில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வைட்டமின் பி-6 அளவுக்கு மீறிப்போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி-12 குறைவு இருந்தால் அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஈடு செய்யலாம். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் தண்டுவடமே பாதிக்கப்படும்.

அறுபட்ட கை, கால் நரம்பு திரும்ப வளர்ந்தாலும், நாளைக்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர்தான் வளரும். மூளை, தண்டுவடத்தில் போனதைத் திரும்ப வளரவைப்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதனால் வந்த பிறகு டானிக் தேடுவதைவிட, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது லாபம்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, “நரம்பு வீக்கா இருக்கு டாக்டர்” என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த விரல், எந்தப் பக்கம், எப்போது ஆரம்பித்தது, திடீரென்றா மெதுவாகவா, எதைச் செய்தால் கூடுகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் - இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பாதி வைத்தியம் அங்கேயே ஆரம்பித்துவிடும்!