கணையப் புற்றுநோயும் நம் உடம்பின் காவல் அணுக்களும்

"கணையப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி வந்தாச்சு, எல்லாருக்கும் அனுப்புங்க!" இப்படி ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். அனுப்புவதற்கு முன் விஷயம் என்னன்னு பார்த்துடுவோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், ஆழத்தில் இருக்கும் உறுப்பு. அங்கே கட்டி வந்தால் சீக்கிரம் தெரியாது. அமெரிக்கக் கணக்குப்படி, இந்த நோய் வந்த 100 பேரில் 5 ஆண்டு தாண்டுபவர்கள் ஏறத்தாழ 13 பேர்தான்.

இந்த நோயோடு சிலர் மட்டும் எப்படிப் பல ஆண்டு வாழ்கிறார்கள்? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் டாக்டர் வினோத் பாலச்சந்திரன் குழுவினர் இதைத் தேடினார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை ஒப்பிட்டபோது, நீண்ட காலம் வாழ்ந்தவர்களின் கட்டிக்குள் 'டி அணுக்கள்' கூடுதலாக இருந்தன. இது 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

டி அணு என்பது ஒரு வகை வெள்ளை அணு. மற்ற செல்களின் மேலே இருக்கும் புரதத் துண்டுகளை, வாசலில் அடையாள அட்டை பார்ப்பது மாதிரி சரிபார்க்கும். அந்நியமாகப் பட்டால் அந்த செல்லைக் கொன்றுவிடும். கணையக் கட்டியோ தன்னைச் சுற்றி நார்த்திசுவைச் சுவர் மாதிரி எழுப்பிக்கொள்ளும். போதாததுக்கு, வேறு சில எதிர்ப்பு அணுக்களே கட்டியின் பக்கம் சாய்ந்து டி அணுவை அடக்கிவைக்கும். அதாவது, எதிர்ப்பு சக்தி 'குறைவு' என்பதல்ல சிக்கல். எதிரியை அடையாளம் கண்டு உள்ளே போக முடியாததுதான். விளம்பரத்தில் வரும் பொடியும் லேகியமும் இதைச் சரிசெய்யாது.

அடையாளம் காட்டத்தான் அந்தத் தடுப்பூசி. நோயாளியின் கட்டியிலிருந்தே தகவல் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகத் தயாரிக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்த 16 பேருக்கு, மற்ற மருந்துகளோடு சேர்த்துப் போட்டதில் 8 பேருக்கு டி அணுக்கள் விழித்துக்கொண்டன. சுமார் 3 ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்த 8 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மற்ற 8 பேரில் 7 பேருக்கு. நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனா 16 பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது. பெரிய அளவில் சோதனை தொடங்கியிருக்கிறது. கடையில் கிடைக்கும் மருந்தல்ல இது. யாராவது பணம் கட்டச் சொல்லி லிங்க் அனுப்பினால் தொடாதீங்க.

இன்னொன்று: அந்த 16 பேருமே கட்டியை வெட்டி எடுக்கும் நிலையில் இருந்தவர்கள். பலர் மருத்துவமனைக்கு வருவதற்குள் அந்தக் கட்டம் தாண்டிவிடுகிறது. கண் மஞ்சளாவது, முதுகு வரை பரவும் மேல்வயிற்று வலி, காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் திடீரென வந்த சர்க்கரை நோய் இருந்தால், குறிப்பாக இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால், நாட்டு மருந்தில் நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்க. எங்கே போவதுன்னு தெரியலைன்னா 104க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.