வீட்டில் கேஸ் இருக்கு, ஆனா எரியுறது விறகு... சிவகாசி பட்டாசுத் தொழிலாளர் வீடுகளில் சிலிண்டர் ஏன் மூலையில் நிற்கிறது?

நாட்டின் பட்டாசுத் தேவையில் சுமார் 90 சதவீதத்தைத் தயாரித்து அனுப்புவது விருதுநகர் மாவட்டம். தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற ஊர்கள் இவை. ஆனால் தீயை நம்பிப் பிழைக்கும் இந்த ஊர்களில், வீட்டு அடுப்பை எரிய வைப்பதே பல குடும்பங்களுக்கு மாதாமாதம் ஒரு கணக்கு.

பட்டாசு ஆலை வேன் காலையிலேயே வந்துவிடும். அதற்குள் சோறு வடிக்கணும், குழம்பு வைக்கணும், பிள்ளைகளைக் கிளப்பணும். அலுமினியப் பொடி ஒட்டிய உடம்போடு சாயங்காலம் திரும்பினால் குளிக்க ஒரு குடம் வெந்நீர் வேணும். கேஸ் இணைப்பு உள்ள வீடுகளிலும் இதில் பாதி வேலை வாசலில் உள்ள விறகடுப்பில்தான் நடக்கிறது. "கேஸ் அவசரத்துக்கு, விறகு அன்றாடத்துக்கு" என்பதுதான் பல வீடுகளின் ஏற்பாடு.

இணைப்பு இருந்தும் ஏன் இந்த நிலை? விரிவாகப் பார்க்கலாம்.

வெயில் ஊரில் என்ன எரிபொருள் நெருக்கடி?

2022-ல் ரஷ்யா - உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியது. பிரிட்டனில் ஒரு சராசரி வீட்டின் ஆண்டு மின்சார, எரிவாயுக் கட்டணம் 1,277 பவுண்டில் இருந்து அந்த ஆண்டு ஏப்ரலில் 1,971 பவுண்டானது. அக்டோபரில் அரசு தலையிட்டுக் கட்டுப்படுத்திய பிறகும் 2,500 பவுண்டைத் தொட்டது. வீட்டைச் சூடாக்கக் காசில்லாதவர்கள் வந்து உட்காருவதற்காக நூலகங்கள் திறந்துவிடப்பட்டன. "ஹீட்டர் போடுவதா, சாப்பிடுவதா" என்ற கேள்வி லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் வந்தது.

விருதுநகரில் ஹீட்டருக்கு வேலை இல்லை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. இங்கே வீட்டு எரிபொருள் என்றால் அடுப்புதான். ஆனால் சிக்கலின் வேர் ஒன்றுதான். உலகச் சந்தையில் ஏறும் விலை கடைசியில் சமையலறைக்குள் வந்து நிற்கிறது.

சிலிண்டர் விலை எப்படி ஏறியது?

14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டரின் சென்னை விலை இது. போக்குவரத்துச் செலவைப் பொறுத்து மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் மாறும்.

- 2020 நவம்பர்: ரூ.610
- 2021 மார்ச்: ரூ.835
- 2022 ஜூலை: ரூ.1,068.50
- 2023 மார்ச்: ரூ.1,118.50
- 2023 ஆகஸ்ட் இறுதி: ரூ.200 குறைந்து ரூ.918.50
- 2024 மார்ச்: ரூ.100 குறைந்து ரூ.818.50
- 2025 ஏப்ரல்: ரூ.50 கூடி ரூ.868.50

அதாவது இரண்டரை ஆண்டுக்குள் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கை நெருங்கியது. பிறகு குறைந்தது. ஆனால் 610 ரூபாய்க்குத் திரும்பவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலைந்து பேர் உள்ள வீட்டில் கேஸில் மட்டுமே சமைத்தால் ஒரு சிலிண்டர் சுமார் 45 நாள் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 சிலிண்டர். 2020 நவம்பர் விலையில் இதற்கு ரூ.4,880. 2023 மார்ச் விலையில் ரூ.8,948. 2025 ஏப்ரல் விலையில் ரூ.6,948. விலை குறைப்புக்குப் பிறகும் ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு நிற்கிறது.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பங்கு வளைகுடா நாடுகளில் இருந்து வருகிறது. சவுதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலைதான் இங்கே அடிப்படை. 2022 ஏப்ரலில் அது ஒரு டன் 940 டாலரைத் தொட்டது. டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தாலும் அதன் பாரம் இதில் சேரும்.

சர்வதேச விலை ஏறியது முழுவதும் மக்கள் மேல் இறங்கவில்லை என்பதும் உண்மை. எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட மத்திய அரசு 2022-ல் ரூ.22,000 கோடியும், 2025 ஆகஸ்ட்டில் ரூ.30,000 கோடியும் ஒதுக்கியது. ஆனால் எல்லோருக்கும் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்த மானியம் 2020-ன் நடுப்பகுதியோடு பெரும்பாலானவர்களுக்கு நின்றுபோனது. அதன் பிறகு மானியம் தொடர்வது உஜ்வாலா பயனாளிகளுக்குத்தான்.

விலை குறைஞ்சும் ஏன் கஷ்டம்?

பட்டாசுத் தொழிலில் பல வேலைகளுக்குச் செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. மழை பெய்தால், வெடிமருந்து காயவில்லை என்றால் வேலை இல்லை. எங்காவது விபத்து நடந்து ஆய்வு தொடங்கினால் சில ஆலைகள் மூடியிருக்கும். தீபாவளி முடிந்ததும் உற்பத்தி படுத்துவிடும். அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேரும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி தந்து, பேரியம் ரசாயனத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அந்தச் சமயம் ஆலைகள் நூறு நாட்களுக்கு மேல் மூடிக் கிடந்தன. தொழிலாளர் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பது உறுதியில்லாத வீட்டில் கையில் உள்ள காசை ஒரேயடியாக எடுத்துக் கொடுக்க மனசு வராது.

சிலிண்டரோ மொத்தமாகக் காசு கேட்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அன்றன்றைக்குத் தேவையான அளவு வாங்கலாம். கடையில் கடன் சொல்லலாம். சிலிண்டரை நூறு ரூபாய்க்கு மட்டும் வாங்க முடியாது. வாரக் கூலியை நம்பி இருக்கும் வீட்டில் சிலிண்டருக்கான முழுத் தொகையை ஒரே நாளில் எடுத்து வைப்பது என்றால் அந்த வாரச் செலவில் வேறு எதையோ வெட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். ஆனால் அந்த அரிசியை வேகவைக்கும் தீ இலவசம் இல்லை. மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ரூ.1,000 வருகிறது. 2025 ஏப்ரல் விலையில் சிலிண்டர் வாங்கிய மாதத்தில் ஆயிரத்தில் மிஞ்சியது ரூ.131.50. முன்பு கைகொடுத்த ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடும் ஆண்டுக்காண்டு குறைந்துவிட்டது.

ஒரே தெரு, இரண்டு விலை எப்படி?

மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016 மே 1-ம் தேதி தொடங்கியது. இதில் இணைப்பு பெற்றவர்களுக்கு சிலிண்டருக்கு ரூ.300 மானியம். 2025-26 நிதியாண்டுக்கு அதிகபட்சம் 9 சிலிண்டர் வரை என்று வரம்பு வைத்தார்கள். 2025 ஏப்ரலில் இருந்த 868.50 ரூபாயில் 300 போனால் அவர்களுக்கு விலை ரூ.568.50 ஆக இருந்தது.

தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. உஜ்வாலா வருவதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, 2007-ல் மாநில அரசு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியது. கடன் வாங்கிச் சொந்தக் காசில் இணைப்பு எடுத்தவர்களும் நிறைய. இவர்கள் வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருப்பதால் உஜ்வாலாவில் சேர முடியாது.

ஒரே ஆலையில், ஒரே கூலிக்கு வேலை செய்யும் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். ஒருவருக்கு மானியம் உண்டு, இன்னொருவருக்குக் கிடையாது. யார் ஏழை என்பது இங்கே கணக்கில் வரவில்லை. யார் எந்த ஆண்டு இணைப்பு வாங்கினார் என்பதுதான் கணக்கு.

மானியம் உள்ளவர்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கு. முதலில் முழுப் பணத்தையும் கொடுத்துத்தான் சிலிண்டரை இறக்க வேண்டும். 300 ரூபாய் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும்.

உஜ்வாலா பயனாளிகள் நாடு முழுவதும் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை சிலிண்டர் வாங்குகிறார்கள் என்று மத்திய அரசே சொல்கிறது. 2019-20-ல் சுமார் 3. 2022-23-ல் 3.68. 2024-25-ல் 4.47. மானியம் கூடக் கூட எண்ணிக்கை ஏறுவது தெரிகிறது. ஆனால் 8 சிலிண்டர் தேவைப்படும் வீட்டில் நாலரை வாங்கினால் மீதி நாளுக்கு எரிவது விறகுதான்.

விறகு சும்மா கிடைக்குதே, அப்புறம் என்ன?

விருதுநகர் மாவட்டத்தில் விறகு என்றால் பெரும்பாலும் சீமைக் கருவேலம். கண்மாய், தரிசு, ரோட்டோரம் என எங்கும் மண்டியிருக்கும் மரம். நன்றாக நின்று எரியும். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கம் இதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கு அனுப்புவது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

இதே மரம் நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்று அகற்றும் பணிகளும் நடக்கின்றன. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை வெளியிட்டது. கண்மாய்க்கு இது நல்லது. ஆனால் அந்த மரத்தை நம்பி அடுப்பு எரிக்கும் வீடுகளுக்கு மாற்று என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

விறகுக்குக் காசு கொடுக்காவிட்டாலும் அதற்கு விலை உண்டு. வெட்டுவது, முள் குத்துவது, கட்டித் தலையில் சுமப்பது, மழைக்காலத்தில் நனையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஆலையில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் விறகு என்றால் ஓய்வு என்பதே இல்லை.

அடுத்தது புகை. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இதில் 2.37 லட்சம் பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நிமோனியா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் என்று பட்டியல் நீளும். பகல் முழுக்க ரசாயனத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் புகை என்றால் நுரையீரலுக்கு எப்போதுதான் ஓய்வு?

பட்டாசு ஊரில் கூடுதல் ஆபத்து என்ன?

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. அவ்வளவு கட்டுப்பாடு. ஆனால் வேலை இல்லாத நாட்களில் வீட்டிலேயே சட்டவிரோதமாகப் பட்டாசு தயாரித்து, வெடித்து உயிர் போன செய்திகள் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பகுதிகளில் இருந்து அடிக்கடி வருகின்றன. வீட்டில் மருந்து வைத்துத் தயாரிப்பது குற்றம். அதே வீட்டு வாசலில் பொறி பறக்கும் விறகடுப்பும் இருந்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். கூலி இல்லாத மாதம்தான் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவருகிறது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

- 5 கிலோ சிலிண்டர்: உஜ்வாலாவில் 14.2 கிலோவுக்குப் பதில் 5 கிலோ சிலிண்டரையும் கேட்டு வாங்கலாம். ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டிய தொகை குறையும். முகவரிச் சான்று இல்லாமல் கடையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் வேறு. அதன் விலை அதிகம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.
- இணைப்பே இல்லாதவர்கள்: வீட்டில் யார் பெயரிலும் கேஸ் இணைப்பு இல்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்கள் உஜ்வாலாவுக்கு ஏஜென்சியில் விண்ணப்பிக்கலாம்.
- மானியம் வரவில்லையா? ஆதார், வங்கிக் கணக்கு, கைரேகைப் பதிவு மூன்றும் சரியாக இருக்கிறதா என்று ஏஜென்சியில் கேட்டுப் பாருங்கள்.
- டெலிவரிக்குக் கூடுதல் பணம்: பில்லில் உள்ள தொகை மட்டும் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கேட்டால் 1800 2333 555 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். கேஸ் கசிவு என்றால் 1906.
- மின்சார அடுப்பு: தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கில் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைத் தினமும் அரை மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 45 யூனிட் ஆகும். மின் பயன்பாடு குறைவான வீட்டில் வெந்நீருக்கும் சோற்றுக்கும் இது உதவும். பழைய வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

கவனிக்க வேண்டியது என்ன?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 80 சதவீதத்துக்கும் அதிகமான வீடுகள் தூய்மையான எரிபொருளில் சமைக்கின்றன. நாட்டின் சராசரி 58.6 சதவீதம்தான். ஆனால் ஒரு வீடு முக்கியமாக எதில் சமைக்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வு கேட்கிறது. கேஸுக்குப் பக்கத்திலேயே எரியும் விறகடுப்பு இந்தக் கணக்கில் தெரியாது.

அடுப்படிச் சுமையை அரசு குறைக்க முடியும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால், விடியற்காலையில் ஆலைக்குக் கிளம்பும் தாய்மார்களுக்கு ஒரு வேளை சமையல் குறைந்தது. அதற்கும் முன்னோடியான மதிய உணவை 1956-ல் கொண்டுவந்த காமராஜர் இதே விருதுநகரில் பிறந்தவர்தான்.

இணைப்புக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. மானியத்தை இணைப்பு வாங்கிய ஆண்டை வைத்து இல்லாமல் வருமானத்தை வைத்துக் கொடுப்பது, பணத்தைப் பிறகு கணக்கில் போடாமல் பில்லிலேயே கழிப்பது, தீபாவளி முடிந்து வேலை படுக்கும் மாதங்களில் கூடுதலாகக் கைகொடுப்பது என்று யோசிக்க வழிகள் இருக்கின்றன. அடுத்த முறை சிலிண்டர் விலை 50 ரூபாய் ஏறியது, 100 ரூபாய் குறைந்தது என்ற செய்தி வரும்போது, இந்த வீடுகளில் அதன் அர்த்தம் ஒன்றுதான்: அந்த மாதம் விறகுக்குப் போகணுமா, வேண்டாமா?