துப்பாக்கியின் உதையும் தொலைநோக்கியும்

ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டைக்குப் பெயர்போனது, 1912-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ·375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு மாக்னம் தோட்டா. அதன் 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 760 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பௌதிக மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: குண்டின் பங்கால் மட்டுமே 4 கிலோ துப்பாக்கி வினாடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் வேகத்தில் பின்னே வரும். வெடிவாயுவின் பங்கு வேறு. (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 1991-இன் திருத்தமும் வேட்டையை அநேகமாக ஒழித்துவிட்டன, கணக்கு போடத் தடையில்லை!)

ஆகவே இத்தகைய துப்பாக்கிக்குத் தொலைநோக்கி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது உருப்பெருக்கம் அன்று. பின்வில்லையிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் காட்சி முழுமையாகத் தெரிகிறது என்பதே. மூன்றரை அங்குலமாவது வேண்டும். நான்கு இருந்தால் உத்தமம். குறைந்தால் குழாயின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். மேட்டை நோக்கியோ படுத்தோ சுடும்போது முகம் தானாகவே கருவியை நெருங்கிவிடுகிறது. அப்போதுதான் ஆபத்து அதிகம்.

ஐம்பது கஜத்தில் நிற்கும் எருமைக்கு ஒன்று முதல் நான்கு மடங்கு உருப்பெருக்கம் போதும். அதற்கு மேல் போனால் பார்வைப் பரப்பு சுருங்கும். பெரிய முன்வில்லை கடையில் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் துப்பாக்கி பின்னே போகும்போது தொலைநோக்கி இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கனம் கூடினால் வளையங்களின் பிடி நழுவும். எஃகு வளையத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பேன்.

காயம்பட்ட எருமை புதரிலிருந்து பாயும்போது, மழையில் மங்கிய கண்ணாடியைத் துடைக்க நேரமிராது. நொடியில் கழற்றக்கூடிய பிடிப்பும், அதன் கீழே சாதாரண இரும்புக் குறியும் இருக்கட்டும்.