தக்காளி லோடுக்கு எந்த வண்டி: டீசலா, பெட்ரோலா, கேஸா?

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி வட்டாரத்துத் தக்காளிக்கு இரண்டு வழி உண்டு. ஒரு பங்கு பக்கத்திலேயே இருக்கும் பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் போய் இறங்கிவிடும். இன்னொரு பங்கு ஓசூர் தாண்டி பெங்களூருக்கோ, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்துக்கோ, கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கோ போகும். முதல் ஓட்டம் சில கிலோமீட்டர். இரண்டாவது 100 முதல் 300 கிலோமீட்டர் வரை. சிறிய லோடு வண்டி வாங்கப்போகிறவர் டீசலா, பெட்ரோலா, சி.என்.ஜி. கேஸா என்று தீர்மானிக்க வேண்டியது தன் வண்டி இந்த இரண்டில் எந்த வழியில் அதிகம் ஓடும் என்பதை வைத்துத்தான். ஷோரூமில் சொல்லும் மைலேஜ் கணக்கு அதற்குப் பிறகு.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லோடு வண்டி என்றாலே டீசல்தான். 2005-இல் வந்த டாடா ஏஸ், தமிழ்நாட்டின் ‘குட்டி யானை’, 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடுதான் வந்தது. வெறும் 16 குதிரைத்திறனில் முக்கால் டன் இழுத்தது. 2011-இல் அசோக் லேலண்ட் நிறுவனம் ஓசூரில் தயாரித்து விற்ற தோஸ்த் பிக்கப்பும் டீசலே. விலையும் அதற்குத் துணை நின்றது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்தான். முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது யார் பெட்ரோல் லோடு வண்டி வாங்குவார்?

அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலை நிர்ணயத்தை மத்திய அரசு கைவிட்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. 2024 மார்ச்சில் விலை குறைந்த பிறகு சென்னையில் பெட்ரோல் சுமார் 101, டீசல் சுமார் 92 ரூபாய். இடைவெளி எட்டு, ஒன்பது ரூபாய்க்கு வந்து நின்றது. இதற்கு நடுவே 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி டீசல் எஞ்சினின் புகையைச் சுத்தப்படுத்தும் செலவு ஏறியது. மாருதி நிறுவனம் தன் சூப்பர் கேரி வண்டியில் 793 சி.சி. டீசலை நிறுத்திவிட்டு பெட்ரோல், சி.என்.ஜி. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டது. டாடா ஏஸ் வண்டிக்கும் அதே ஆண்டு பெட்ரோல் எஞ்சின் வந்து சேர்ந்தது.

இழுவை என்று வரும்போது டீசலின் பலம் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு வண்டிகளை அருகருகே வைத்தால் பார்க்கலாம். சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறக்குறைய 80 குதிரைத்திறன். மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசலுக்கு 75. திறனை மட்டும் பார்த்தால் பெட்ரோல் வண்டிதான் பெரியது. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை பெட்ரோலில் 104 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றினால்தான். பொலேரோவில் 200 நியூட்டன் மீட்டர், 1,400 சுற்றிலேயே கிடைத்துவிடும். ஈர மண்ணில் சக்கரம் புதைந்து, பின்னால் லோடு அழுத்த, வரப்போரத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் அந்தப் பத்தடியில் இந்த வித்தியாசம் தெரியும். டீசல்காரர் கிளட்சை விட்டால் வண்டி தானாக நகரும். பெட்ரோல்காரர் ஆக்சிலரேட்டரை மிதித்து, பாதி கிளட்சில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை. சீசனில் தினமும் நான்கு தடவை என்றால் கிளட்ச் பிளேட் தாங்காது.

இதற்குக் காரணம் எஞ்சினின் வேலை முறை. டீசல் எஞ்சின் காற்றை மட்டும் உள்ளிழுத்து, 16 முதல் 20 மடங்கு வரை அழுத்திச் சூடேற்றுகிறது. அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சின் அழுத்துவது பத்து மடங்கு அளவில்தான். தீப்பொறி தனியாக வேண்டும். அழுத்தம் கூடக்கூட எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். தவிர, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் இந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அப்படியென்றால் டீசலே போதுமே என்று தோன்றும். இங்கேதான் பி.எஸ்.6 குறுக்கே வருகிறது. புதிய டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்ற கரிவடிகட்டி இருக்கிறது. புகையின் கரி அதில் படியும். சேர்ந்த கரி எரிந்துபோக உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். ஓசூர் சாலையில் ஒரே மூச்சில் ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். தோட்டத்திலிருந்து மண்டிக்குப் போய், வரிசையில் ஐட்லிங்கில் நின்று, இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் சூடு ஏறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். கரி அடைத்து, டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, எஞ்சின் இழுவையைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். பழைய குட்டி யானையை ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு சரிசெய்துவிடுவார். புதிய வண்டிக்கு ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். சில மாடல்களில் யூரியாக் கரைசலும் தனியாக ஊற்ற வேண்டும். குறைந்த தூரம் ஓட்டுகிறவருக்குப் புதிய டீசல் வண்டி தலைவலி என்று வெளிப்படையாகவே சொல்லலாம்.

கேஸ் வண்டியின் கவர்ச்சி ஓட்டச் செலவில் இருக்கிறது. சி.என்.ஜி.யை லிட்டரில் அல்ல, கிலோவில் அளந்து தருகிறார்கள். ஒரு கிலோவில் சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் உண்டு. ஆனால் அதை 200 பார் அழுத்தத்தில் அடைத்துவைக்கக் கனமான உருளை வேண்டும். சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ ஏற்றலாம். அதே வண்டி சி.என்.ஜி.யில் 625 கிலோதான். ஒரு கிரேட் தக்காளி 25 கிலோ என்று வைத்தால் நடைக்கு நாலைந்து கிரேட் குறையும். கேஸ் காற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்வதால் முறுக்குவிசையும் 104-லிருந்து 95-க்கு இறங்கும். உருளையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு விட வேண்டும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது பங்க் இல்லாத பாதை. கேஸ் தீர்ந்தால் கைகொடுக்க சூப்பர் கேரியில் இருப்பது 5 லிட்டர் பெட்ரோல் டேங்க் மட்டுமே. வழக்கமாக ஓடும் சாலையிலேயே கேஸ் பங்க் இருக்கிறதா, அங்கே எவ்வளவு நேரம் வரிசை நிற்கிறது என்று பார்க்காமல் கேஸ் வண்டிக்கு முன்பணம் கட்டக் கூடாது.

பணக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம். உதாரணத்துக்கு, பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் வண்டி 20 கிலோமீட்டர் தருகிறது என்று கொண்டால், மேலே சொன்ன விலையில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் டீசலில் மிச்சம். டீசல் வண்டி 60,000 ரூபாய் கூடுதல் விலை என்றால், 30,000 கிலோமீட்டர் ஓடினால்தான் அந்தப் பணம் திரும்பும். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் தோட்டக்காரருக்கு அது இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். தினம் 200 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்காரருக்கு ஆறு மாதம்கூட ஆகாது.  

ஏற்றத்தைப் போலவே இறக்கத்தையும் யோசிக்க வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் விபத்துக்குப் பேர்போன இடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், பிரேக்கையே நம்பி இறங்கி அது சூடேறிக் கைவிடுவதும் அங்கே பழைய கதை. டீசல் என்றால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழி அடைபடுவதால் வண்டி இழுத்துப் பிடிக்கப்படும். சாதாரண டீசல் எஞ்சினில் அந்த அடைப்பு இல்லை. பெரிய லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைப்பது அதனால்தான். சிறிய வண்டி எந்த எரிபொருளில் ஓடினாலும், ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குவதுதான் வழி.

ஆக, சொந்தத் தோட்டத்துக் காய்கறியைப் பாலக்கோட்டுக்கு மட்டும் கொண்டுபோகிறவருக்குப் பெட்ரோல் வண்டி போதும், வேலையும் குறைவு. தக்காளி இல்லாத மாதங்களில் மாங்காய், தேங்காய், உர மூட்டை என்று கிடைத்ததை ஏற்றி பெங்களூரு, சேலம் ஓடுகிறவர் ஒன்றரை டன் டீசல் பிக்கப்பைத்தான் பார்க்க வேண்டும். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் எந்த எஞ்சினும் நிலைக்காது. ஒரே சாலையில் ஒரே நேரத்துக்குப் போய்வருகிறவருக்குக் கேஸ் பொருந்தலாம். பழைய வண்டி வாங்குவதானால், டீசலில் டி.பி.எஃப். கழற்றி எறியப்படாமல் இருக்கிறதா என்றும், கேஸ் வண்டியில் உருளைச் சோதனைச் சான்று நடப்பில் இருக்கிறதா, ஆர்.சி. புத்தகத்தில் சி.என்.ஜி. பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.