தறி நிற்கும், திரை நிற்காது

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டிருக்கும். காலை இறக்கி உட்காரக் குழி, அதற்கு நேராக விரிந்து கிடக்கும் பாவு, தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து சரம்சரமாகத் தொங்கும் அட்டைகள். மிச்சமுள்ள இடத்தில்தான் தார் சுற்றும் ராட்டை, சாப்பாடு, படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். அந்த இடத்துக்குள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இன்னொரு பொருளும் வந்து உட்கார்ந்துவிட்டது. லேப்டாப்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்த பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் கணினிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போயின. நெசவுத் தெருக்களுக்கும் வந்தன. பிறகு 2020-ல் கொரோனா வந்து வகுப்பறையையே வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. அண்ணனுக்குக் கிடைப்பதைத் தங்கையும் தொடுவாள். ஆகவே இது பள்ளிப் பிள்ளைகளின் விஷயமும்தான்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு: கதிர்வீச்சு வருமா? கண் கெட்டுப்போகுமா? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை கொடுத்துப் பயப்படக் கூடாது. எந்த ஆபத்துக்கு எவ்வளவு கவலை என்று அளந்துகொள்ளாவிட்டால், கூலிக்கு நெய்கிற குடும்பத்தின் காசு தேவையில்லாத பொருளுக்குப் போகும். செலவே இல்லாத காவல் ஒன்று செய்யப்படாமல் கிடக்கும்.

முதலில் கதிர்வீச்சு. வைஃபை அலைகள் ரேடியோ அலைகளின் குடும்பம். எக்ஸ்-கதிரைப் போல மரபணுவை உடைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இவ்வகை அலைகளை ‘2பி’ பட்டியலில் சேர்த்தது உண்மை. ‘புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பை முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை, ஆனால் சான்று போதவில்லை’ என்பதுதான் அந்தப் பட்டியலின் பொருள். அதன் பிறகு வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, அதே உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட மதிப்பாய்வு 2024-ல் வெளியானது. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. காதில் ஒட்டிவைத்துப் பேசும் செல்போனுக்கே இந்த முடிவு என்றால், கையெட்டும் தூரத்தில் இருக்கும் லேப்டாப்பைச் சொல்லவே வேண்டாம். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். வைஃபை உள்ள வகுப்பறையில் ஓராண்டு உட்காரும் பிள்ளையின் உடலில் சேர்வது, செல்போனில் 20 நிமிடம் பேசும்போது சேர்வதற்குச் சமம் என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2007-ல் விளக்கியது. கதிர்வீச்சைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் ஸ்டிக்கர்களை வாங்க வேண்டாம். அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

நீலவெளிச்சக் கண்ணாடியும் அப்படியே. 17 சோதனைகளை ஒன்றுதிரட்டி 2023-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியைவிட இந்தக் கண்ணாடி கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. திரையிலிருந்து வரும் நீல ஒளி, பகல் வானத்திலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

அப்படியானால் கண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் வேறு காரணத்துக்காக. வளரும் வயதில் விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிட்டால் தூரத்துப் பொருள் மங்கும். அதுதான் கிட்டப்பார்வை. கிட்டத்தில் வைத்தே நெடுநேரம் பார்ப்பதும், வெயில் வெளிச்சத்துக்கு வெளியே வராமல் இருப்பதும் அதற்குத் துணைபோகின்றன. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு. மற்றப் பள்ளிகள் வழக்கம்போல. மூன்றாண்டு முடிவில், வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது; வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் இது வெளியானது. நாற்பது நிமிட வெளிச்சத்துக்கு இந்தப் பலன் என்றால், நம் ஊரில் அதற்கு என்ன குறை? கூடத்தில் ஒரு குழல்விளக்கு தருவது சில நூறு லக்ஸ் வெளிச்சம். வாசலில், வேப்ப மர நிழலில் நின்றாலும் அதைவிடப் பல மடங்கு. பிரகாசமான ஒளி பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரந்து விழிக்கோளத்தின் நீட்சியைத் தடுக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். பள்ளி விட்டு வந்த பிள்ளை சாயங்காலம் தெருவில் விளையாடினால் அது நேர விரயம் ஆகாது. கண்ணுக்கான மருந்து அதுவே.

இதோடு பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கண்ணைப் பொறுத்தவரை செல்போனைவிட லேப்டாப் மேல். செல்போனைப் பிள்ளைகள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறார்கள். லேப்டாப் திரை இரண்டரைச் சாணுக்கு அப்பால் இருக்கும், எழுத்தும் பெரிது. வீட்டில் இரண்டும் இருந்தால் பாடம் பார்க்க லேப்டாப்பைக் கொடுங்கள். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும். கண் காய்ந்து உறுத்துவது அதனால்தான். காற்றாடி நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சிரமம் போய்விடும். பலகையில் எழுதியது தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் உடனே பரிசோதியுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி தரும் ‘சிறுவர் கண்ணொளி காப்போம்’ திட்டம் 2009-லிருந்து இங்கே இருக்கிறது.

இனி முதுகு, கழுத்து. ஆரணிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே நிலையில் உட்கார்ந்து, குனிந்து, நுண்ணிய இழையைப் பார்த்தபடி இருபது ஆண்டு வேலை செய்தால் கழுத்தும் இடுப்பும் என்ன ஆகும் என்று ஒவ்வொரு நெசவாளர் வீட்டுக்கும் தெரியும். இந்தியக் கைத்தறி நெசவாளர்களிடம் நடந்த ஆய்வுகளும் முதலில் பேசுவது முதுகுவலியைப் பற்றித்தான். ஆனாலும் குழித்தறியை அமைத்தவர்கள் உடம்பை அறிந்தவர்கள். தரையோடு தரையாக உட்கார்ந்தாலும், கால் குழிக்குள் இறங்கி மிதியில் ஊன்றி நிற்பதால் முழங்கால் சரியாக மடிகிறது. சம்மணமிட்டு உட்காரும்போது இடுப்பு பின்னுக்குச் சரிந்து முதுகு வளைகிறதே, அந்த வளைவு இதில் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தறி தானாகவே ஆளை நிறுத்தும். தார் தீர்ந்தால் நாடாவில் வேறு தார் போட வேண்டும். இழை அறுந்தால் எட்டி முடிச்சுப் போட வேண்டும். நெய்த சேலையைச் சுருட்டக் கையை நிறுத்த வேண்டும். லேப்டாப்பில் எதுவும் அறுவதில்லை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. பிள்ளை அசையாமல் ஒன்றரை மணி நேரம் உட்காருவது இதனால்தான்.

லேப்டாப்பின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்து கழுத்து குனியும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். சுமார் 5 கிலோ எடையுள்ள தலை முன்னால் சாயச் சாய, கழுத்தெலும்பு தாங்கும் சுமை ஏறுகிறது. அறுபது பாகை குனிந்தால் அது 27 கிலோவுக்குச் சமம் என்று 2014-ல் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். உயிருள்ளவர்களிடம் அளந்ததல்ல, மாதிரி வைத்துப் போட்ட கணக்கு. ஆனாலும் திசை சரிதான். இதற்குச் சில நூறு ரூபாயில் தனி விசைப்பலகை வாங்கி, லேப்டாப்பை நாலைந்து தடிப் புத்தகங்கள் மேல் ஏற்றிவைப்பது மருத்துவச் செலவைவிட மலிவு. அதுவும் முடியாதென்றால், பட்டுக் கடைகளில் மெத்தையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்களே, அந்தத் தாழ்வான மேசை போதும். பிள்ளையின் முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதலும் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்றுதான் வரம்பு கட்டியது.

சுமந்து போவதும் கணக்கில் வர வேண்டும். பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-ன் பள்ளிப் பைக் கொள்கை. நாற்பது கிலோ பிள்ளைக்கு நான்கு கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்தாலே அதில் பாதிக்கு மேல்.

இதுவரை சொன்னவை எல்லாம் மெல்ல வரும் தொல்லைகள். உடனே உயிரைக் குடிக்கக்கூடியது மின்சாரம் ஒன்றுதான். அதைப் பற்றி யாரும் பயப்படுவதாகவே தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், நெசவு நின்றுவிடும். அதே நாட்களில்தான் பள்ளிக்கும் விடுமுறை. பிள்ளை ஈரத் தரையில் உட்கார்ந்து, தரையிலேயே கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சார்ஜரைச் செருகுகிறது. சார்ஜரிலிருந்து கணினிக்குப் போகும் முனையில் சுமார் 19 வோல்ட்தான், அது கொல்லாது. சுவரிலிருந்து சார்ஜருக்கு வரும் கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது. மேலுறை வெடித்து டேப் சுற்றிய கம்பி ஈரத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுவரில், பிள்ளையின் தோள் உயரத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். மூன்று முள் பிளக்கில் தடித்த முள்ளை உடைத்து இரண்டு முள் துளையில் செருகாதீர்கள். சார்ஜ் ஆகும்போது லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? அந்தச் சிறு கசிவு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் வீட்டில் எர்த் சரியில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.டி. கருவியை மெயின் பெட்டியில் பொருத்துவதுதான், இந்தக் கட்டுரையில் நான் காசு செலவழிக்கச் சொல்லும் பெரிய பொருள். அது லேப்டாப்புக்கு மட்டும் இல்லாமல் வீட்டுக்கே காவல்.

அடுத்தது பேட்டரி. 2011-க்கும் 2019-க்கும் இடையில் வந்த அரசு லேப்டாப்புகள் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றின் பேட்டரி முதுமையடைந்துவிட்டது. கணினி மேசைமேல் சமமாக உட்காராமல் ஆடினாலோ, விசைப்பலகைக்குக் கீழே விரல் தேய்க்கும் பரப்பு மேடாகத் தெரிந்தாலோ பேட்டரி உள்ளே வீங்கியிருக்கலாம். அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. தறி ஓடும் வீட்டில் நுண்ணிய நூல் தூசி கணினியின் காற்றுத் துளையை அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையணை மேலோ மெத்தை மேலோ வைத்தால் அந்தத் துளை முழுக்க மூடிப்போகும். சூடான அடிப்பாகம் தோலையும் மெல்லச் சுடும். சுவிட்சர்லாந்தில் தினமும் சில மணி நேரம் தொடைமேல் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனின் தோலில் வலைபோல் பழுப்புத் தடம் படிந்ததை பாசல் மருத்துவர்கள் 2010-ல் பதிவு செய்தார்கள். காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை அணைத்துக் குளிர்காயும் காஷ்மீரிகளுக்கு வரும் அதே தடம். ஒரு பலகை குறுக்கே வைத்தால் தீர்ந்தது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைக் கூடத்தில் தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான் பிள்ளைக்கு நிம்மதியாகத் திரை கிடைக்கிறது. அதனால் பதினோரு மணிக்கு மேல் படிப்பு தொடங்குகிறது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. சாயங்காலம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்திவைத்துப் பிள்ளைக்குக் கூடத்தைக் கொடுக்க முடிகிற வீடுகள் கொடுக்கட்டும். கூலி நெசவில் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று தெரிந்தேதான் இதைக் கேட்கிறேன்.

அரசிடமும் கேட்க ஒன்று உண்டு. லட்சக்கணக்கில் கணினி வாங்கும்போது, ஒவ்வொன்றோடும் ஒரு தனி விசைப்பலகையும், எர்த், ஈரம், வீங்கிய பேட்டரி பற்றிப் படத்தோடு தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளும் சேர்த்துக் கொடுக்கலாம். தேய்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஆரணி போன்ற ஊர்களில் பள்ளி வளாகத்திலேயே ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தால், வீங்கிய பேட்டரி பழைய இரும்புக் கடைக்காரரின் சம்மட்டிக்குப் போகாது.