பார்க்கும் கண்கள் – 7: ரேகை கேட்ட சுரங்க வாசல்

1930. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் 21 நாள் ஷாஃப்டுக்குள் இறங்க மறுத்தார்கள். கூலியைக் கூட்டச் சொல்லி வந்த சண்டை இல்லை அது. ஒவ்வொருவரையும் கைரேகையோடு பதிவு செய்யப் போவதாக நிர்வாகம் சொன்னதுதான் காரணம். தொழிற்சங்கம் வேர்விடாத காலம். ஆனாலும் லைன் வீடுகளில் பேச்சு பரவி, வேலை நின்றது.

சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் கால்வைத்த நாளிலிருந்தே தங்கவயல், தொழிலாளியைச் சந்தேகத்தோடு பார்த்த ஊர். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவரைச் சோதிக்காமல் விடமாட்டார்கள். தாதுத் திருட்டைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டமே போட்டது. கம்பெனிக்குச் சொந்தமாக ‘வாச் அண்ட் வார்டு’ என்ற காவல் படை இருந்தது. கோலார் மாவட்டத்துக்குள் இருந்தும் தங்கவயலுக்கு மட்டும் இன்றும் தனி எஸ்.பி. உண்டு.

சோதனைக்குப் பழகிப்போன ஆட்கள் ரேகைக்கு மட்டும் ஏன் முரண்டுபிடித்தார்கள்? சோதனை வாசலோடு முடிந்துவிடும். ரேகை ஆபீஸ் பீரோவில் தங்கிவிடும். ஒரு சுரங்கத்தில் வேலை போனால் இன்னொரு சுரங்கத்தில் வேறு பெயர் சொல்லிப் பிழைத்துக்கொள்ளலாம். விரலுக்கு வேறு பெயர் வைக்க முடியுமா?

ரேகைக்கு இன்னொரு கறையும் இருந்தது. 1897-ல் கல்கத்தாவில் போலீஸ் ரேகைப் பிரிவு தொடங்கியபோது, அஜிசுல் ஹக் என்ற அதிகாரி பத்து விரல் பதிவுகளை 1,024 அறைகளில் பிரித்து அடுக்கக் கணக்கு வகுத்துக் கொடுத்தார். அதன்பின் லட்சம் பேருக்குள் ஒருவரைத் தேடுவது சுலபமாயிற்று. அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பக்கத்துச் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் சாதி சாதியாக ரேகை எடுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த கள்ளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊரில் அந்தச் சட்டத்துக்கு ‘ரேகைச் சட்டம்’ என்றே பெயர். திருட்டுப் பட்டம் கட்டத்தான் ரேகை கேட்கிறார்கள் என்று வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. இன்று தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளம்பி கோரமண்டல் ஸ்டேஷனில் நின்று போகும் ரயிலில் அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ‘சேஃப் சிட்டி’ திட்டத்தின் ஆயிரக்கணக்கான கேமராக்கள். கர்நாடகப் போலீஸின் கையில் ‘எம்-சிசிடிஎன்எஸ்’ என்ற செயலி. ராத்திரி ரோந்தில் சந்தேகப்பட்டால் ஆளை நிறுத்துவார்கள். போனோடு இணைத்த, உள்ளங்கையில் அடங்கும் கருவியின் கண்ணாடியில் விரலை வைக்கச் சொல்வார்கள். பழைய குற்றப் பதிவுகளோடு ரேகை ஒத்துப்போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தலைமறைவானவரைப் பிடிக்க இது உதவும், மறுப்பதற்கில்லை. ஒத்துப்போகாதவர் எதற்காக விரல் நீட்டினார் என்பதுதான் கேள்வி.

2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் யாரிடம் ரேகை எடுக்கலாம் என்று வரிசை சொல்கிறது: தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க உத்தரவானவர். இவர்களைத் தவிர வேறு யாரிடமாவது எடுக்க வேண்டுமானால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும். எடுத்த பதிவை 75 ஆண்டு வைத்திருக்கலாம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்து போகிறவர் இந்த வரிசையில் எங்கும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, சீருடைக்காரர் எதிரில் நிற்கும்போது, தீர்ப்பை எடுத்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

இங்கேதான் 1930 வேறாகிறது. அன்று கம்பெனி எல்லாரிடமும் ஒரே நேரத்தில், முன்கூட்டியே சொல்லிக் கேட்டது. அதனால் எல்லாரும் சேர்ந்து மாட்டோம் என்றார்கள். இன்று கேமரா கேட்பதே இல்லை. கருவி ஒவ்வொருவராகத் தனியே மடக்கிக் கேட்கிறது. தனி ஆளால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆகவே இந்தக் கருவிகளை எங்கே, யார்மேல், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் பயன்படுத்துகிறார்கள் என்பதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்ல வேண்டும். சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: தமிழ்நாடு போலீஸின் முகமறி மென்பொருள்